கரி பேசி முடியட்டும்

பிள்ளையார்பாளையத்தில் தோட்டத்துப் பக்கம் கரி மூட்ட நினைப்பவர் முதலில் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்க்க வேண்டும். பாவு நீட்டியிருக்கிறார்களா? காஞ்சிபுரத்தில் பட்டுத்தறிகள் நெருக்கமாக இருக்கும் பகுதி இது. வெயில் ஏறுவதற்கு முன் தெரு நீளத்துக்குப் பட்டிழைகளை இழுத்துக் கட்டுவார்கள். பெரியவர், சின்னவர் எல்லோரும் இரு பக்கமும் நின்று சிக்கெடுத்து, அறுந்ததை முடிவார்கள். அந்த நேரத்தில் எந்த வீட்டுப் பின்புறத்திலிருந்தும் புகை வரக் கூடாது. பட்டு வாடையைப் பிடித்துக்கொள்ளும். வெளிர் நிறப் பாவில் ஒரு துளி புகைக்கரி ஒட்டினாலும் கண்ணுக்குத் தெரியும். ஜரிகையில் இருப்பது வெள்ளி, அது கறுக்கும். இதெல்லாம் யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. புகை போட்டவன் வீட்டுக்குப் பாவு பிடிக்க ஆள் வராது என்பார் மாமா, அவ்வளவுதான்.

அதனால் எங்கள் வீட்டில் சுடுவதெல்லாம் மாலை நான்கு மணிக்கு மேல்தான், அதுவும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்.

எங்கள் வீடு என்று எழுதிவிட்டேன். அது என் மாமனார் வீடு. நான் ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். கல்யாணத்துக்குப் பிறகு ஜாகை இங்கே. தறி நெய்யக் கற்றுக்கொள்ளும் வயது தாண்டிவிட்டது. ஆனால் மாமாவிடம் இன்னொரு வித்தை இருந்தது. தோட்டத்தில் கிணற்றடிக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில் ஒரு கரி அடுப்பை வைத்துக்கொண்டு அவர் சுட்டு எடுக்கும் கத்திரிக்காயும் மீனும் கோழியும் தெருவில் பிரசித்தம். அதைக் கற்றுக்கொள்கிறேன் என்று போய் நின்றேன்.

மாமனாரிடம் வேலை கற்பதில் ஒரு சங்கடம் உண்டு. மாப்பிள்ளையைத் திட்ட முடியாது. வேறு யாராவது சீடனாக இருந்திருந்தால் இடுக்கியாலேயே ஒன்று போட்டிருப்பார். எனக்கு “நீங்க, வாங்க” மரியாதையோடுதான் எல்லாம். அவருடைய பேச்சைப் புரிந்துகொள்ள அத்தையின் உதவி தேவைப்பட்டது. “பரவால்ல மாப்ளே” என்றால் திரும்பச் செய் என்று பொருள். “நல்லா இருக்கு” என்றால் உப்பு தூக்கலாக இருக்கிறது. ஒன்றுமே பேசாமல் இரண்டாவது துண்டை எடுத்தால்தான் தேறியது.

மாமா நெய்தவர் அல்ல. பாதி ஆயுளைச் சாயப்பட்டறையில் கழித்தவர். கச்சாப் பட்டில் இயற்கையாகவே ஒரு பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் காய்ச்சி அந்தப் பசையை எடுத்தால்தான் பளபளப்பும் மென்மையும் வரும். எடையில் கால் பங்கு வரை அதிலேயே போய்விடும். பிறகு சாயம். செம்பு அண்டாவுக்கு அடியில் விறகு எரியும். நூல் சிட்டங்களைக் கம்பில் மாட்டி, கையால் திருப்பித் திருப்பி முக்கி எடுப்பார்கள். சூடு திடீரென்று ஏறினால் சாயம் ஒரு பக்கம் அதிகமாகப் பிடித்துத் திட்டுத் திட்டாக நிற்கும். நூல் முழுவதும் பாழ். கொதிக்கிற அண்டாவைத் தூக்கி இறக்க முடியாது என்பதால் அங்கே சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் விறகை உள்ளே தள்ளுவதிலும் வெளியே இழுப்பதிலும்தான்.

இதைத்தான் அவர் தோட்டத்து அடுப்புக்கும் கொண்டுவந்தார். கம்பி மேல் எதையாவது வைத்ததும் நம் கை சும்மா இருக்காது. புரட்டும், நகர்த்தும், தூக்கிப் பார்க்கும். மாமா அடுப்புக்குள் இருக்கும் கரியைத்தான் நகர்த்துவார். “சாமானத் தொடாதீங்க மாப்ளே, நெருப்பத் தள்ளுங்க” என்பதுதான் நான் அதிகம் கேட்ட வாக்கியம். மற்றதெல்லாம், மசாலா அளவு உட்பட, அத்தையிடம் ஒரு சாயங்காலத்தில் கேட்டு எழுதிக்கொள்ளக் கூடியவை.

அடுப்பைப் பற்றி. அவருடையது பட்டறையில் இரும்புத் தகட்டை மடித்துச் செய்த நீளமான தொட்டி. அடியில் காற்றுக்குத் துளைகள். மேலே கெட்டியான இரும்புக் கம்பிகளை இடைவெளி விட்டுப் பற்றவைத்த சட்டம். பக்கத்தில் அத்தையின் அம்மா காலத்துக் குமுட்டி அடுப்பு ஒன்று, சின்னச் சின்ன வேலைகளுக்கு. கம்பி வலை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கோழிக்கூண்டுக்கு விற்கும் ஜி.ஐ. வலை மலிவு, ஆனால் அதில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. தணலின் சூட்டில் அது ஆவியாகிப் புகையும், உடம்புக்குக் கெடுதல். சாதா இரும்பு, அல்லது எவர்சில்வர் போதும். தவிர ஒரு நீண்ட இடுக்கி, பனையோலை விசிறி, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், தெளிக்க ஒரு வேப்பங்கொத்து.

நான் என் பங்குக்கு மூடி போட்ட உருண்டை அடுப்பு ஒன்றை ஆன்லைனில் வாங்கி வந்தேன். 1952இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த வெபர் பிரதர்ஸ் இரும்புப் பட்டறையில், கடலில் மிதக்கவிடும் மிதவைக் குண்டை இரண்டாக வெட்டி ஒரு பாதியை அடுப்பாகவும் மறுபாதியை மூடியாகவும் ஆக்கினார். இன்று உலகமெங்கும் வீட்டுப் பின்புறங்களில் இருக்கும் அந்த வடிவம் அப்படி வந்தது. மாமாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். மூடியைத் தூக்கிப் பார்த்து, துளையைத் திறந்து மூடிப் பார்த்து, “காத்த அடக்கறதுக்கு இது. புத்திசாலி” என்றார். அது அந்த அமெரிக்கருக்கு. அடுப்பு இப்போது கோழிக்கு மட்டும் பயன்படுகிறது.

கரி சீமைக்கருவேலக் கரி. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம் மூட்டம் போட்டு எடுத்து மூட்டையாக வருவது. இஸ்திரி வண்டிக்காரர்கள் வாங்கும் இடத்திலேயே வாங்குவோம். இரண்டு துண்டுகளைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் சரியாக வேகாத கரி அல்லது ஈரக் கரி. அது புகையும். பற்றவைக்க மண்ணெண்ணெய் கூடவே கூடாது, கடைசி வரை அந்த வாடை கத்திரிக்காயில் நிற்கும். காய்ந்த பன்னாடை, அதன் மேல் உடைத்த கொட்டாங்குச்சி, அதைச் சுற்றிக் கூம்பாகக் கரி. கொட்டாங்குச்சி சுறுசுறுப்பாக எரிந்து கரியைப் பிடித்துக்கொள்ளும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் துண்டு எதுவும் உள்ளே போகக் கூடாது.

பிறகு காத்திருப்பு. கரி முதலில் படபடவென்று வெடிக்கும், பொறி பறக்கும், நீல ஜுவாலை எழும். புதிதாகச் சுடுகிறவர்கள் எல்லோரும் இந்தக் கட்டத்தில்தான் மீனைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். மாமா அப்போது அடுப்பைப் பார்க்கக்கூட மாட்டார், திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார். “கரி இன்னும் பேசுது மாப்ளே.” பேசி முடிக்க அரை மணி நேரம் ஆகும். சத்தம் அடங்கி, ஜுவாலை போய், ஒவ்வொரு துண்டின் மேலும் வெள்ளையாக நீறு பூத்து, உள்ளே சிவப்பு தெரிந்தால் தயார். விசிறி முதல் பாதிக்கு மட்டும். அதற்கப்புறம் விசிறினால் சாம்பல் பறந்து சாப்பாட்டில் ஒட்டும்.

தணலானதும் அதை மூன்றாகப் பிரிப்பார். தொட்டியின் ஒரு ஓரம் இரண்டு அடுக்குக் கரி, நடுவில் ஒற்றை அடுக்கு, மறு ஓரம் காலி. கம்பிக்கு மேல் அரை சாண் உயரத்தில் உள்ளங்கையை விரித்துப் பிடித்து நிதானமாக எண்ண வேண்டும். இரண்டு எண்ணுவதற்குள் கையை இழுத்துக்கொண்டால் முறுகல் சூடு. நான்கு, ஐந்து வரை தாங்கினால் நடுச்சூடு. எட்டு வரை தாங்கினால் அது வேகவைக்கும் சூடு. சாயப்பட்டறையில் வெப்பமானி இருந்ததா என்று கேட்டேன். “மொதலாளி ரூம்ல இருந்திச்சு” என்றார்.

முதல் பாடம் கத்திரிக்காய். கறியைக் கொடுத்துப் பழக்கமாட்டார், விலை அதிகம். ராஜாஜி மார்க்கெட்டில் கால் கிலோ எடையுள்ள பெரிய காய்கள் இரண்டு. அளவுக்குக் கனமில்லாமல் லேசாக இருப்பதாகப் பார்த்து எடுத்தால் விதை குறைவு. காம்போடு இருக்கட்டும், இடுக்கியால் பிடிக்க அதுதான் பிடி. கத்தி நுனியால் நான்கைந்து இடத்தில் குத்த வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கும். நல்லெண்ணெய் தடவி நடுச்சூட்டில் வைத்தால் பதினைந்து, இருபது நிமிடம். தோல் கருகிச் சுருங்கி, காய் தன் எடை தாங்காமல் உட்கார்ந்துவிடும். அப்போதுதான் வெந்தது. தோல் கருகிவிட்டதே என்று முன்னாலேயே எடுத்தால் நடுவில் பஞ்சாக இருக்கும். இங்கேதான் கரியை நகர்த்துவது வருகிறது: தோல் சீக்கிரம் கறுக்கிறது என்றால் காயின் அடியிலிருக்கும் தணலைக் கம்பியால் இரு பக்கமும் ஒதுக்கிவிட வேண்டும். காய் இருந்த இடத்திலேயே இருக்கும், சூடு பக்கவாட்டில் வரும்.

கூடவே மூன்று பச்சைமிளகாயையும் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயத்தையும் தோலோடு சுட்டுக்கொள்ள வேண்டும். வெந்த காயை ஒரு மூடிய பாத்திரத்தில் ஐந்து நிமிடம் போட்டுவைத்தால் தோல் தானாகக் கழன்று வரும். தண்ணீரில் கழுவவே கூடாது, சுட்ட மணம் கழுவிக்கொண்டு போய்விடும். அம்மியில் மிளகாயையும் உப்பையும் ஓட்டி, வெங்காயத்தைத் தட்டி, காயைக் கையால் பிசைந்து, நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து ஊற்றி, மேலே இரண்டு கரண்டி பச்சை நல்லெண்ணெய். அவ்வளவுதான். தாளிப்பு இல்லை. அத்தை ஒரு முறை கடுகு தாளித்தார், மாமா “நல்லா இருக்கு” என்றார்.

சோளத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இளங்கதிரை மட்டையோடு கொஞ்ச நேரம் ஓரத்தில் வைத்து, பிறகு மட்டையை உரித்து முறுகல் சூட்டில் உருட்டினால் போதும். எலுமிச்சை மூடியில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தேய்ப்பது தெருவில் எல்லோரும் செய்வதுதான்.

மீன் வேறு விஷயம். இந்த மாவட்டம் ஏரிகளால் ஆனது. தென்னேரி, உத்திரமேரூர், செம்பரம்பாக்கம் என்று எங்கே திரும்பினாலும் ஏரி. விராலும் கெண்டையும் ஜிலேபியும் கிடைக்கும். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் பாட்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. அதில் வழி நெடுகச் சாப்பாடு. உழவர் வீட்டில் வெண்ணெல் சோற்றோடு வாட்டிய கோழி, வலைஞர் குடியிருப்பில் கள்ளோடு சுட்ட மீன். ஊருக்குள் நுழையும் முன்பே வயிறு நிறைந்துவிடும் பயணம். மாமாவுக்கு இதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “என்ன மீனு?”

ஏரி மீனில் சேற்று வாடை இருக்கும். கல்லுப்பு போட்டு உரசி, புளித்தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவினால் பெருமளவு போய்விடும். புளிப்பு அந்த வாடையைத் தரும் பொருளைச் சிதைக்கும். வெறும் தண்ணீரில் எத்தனை முறை கழுவினாலும் அது நடக்காது. அரைக் கிலோ ஜிலேபிக்கு இரண்டு பக்கமும் மூன்று கீறல். ஆறு பல் பூண்டு, ஆறு சின்ன வெங்காயம், ஒரு தேக்கரண்டி மிளகு, இரண்டு தேக்கரண்டி மிளகாய்த்தூள், கொஞ்சம் மஞ்சள், உப்பு. தண்ணீர் விடாமல் அரைத்து, எலுமிச்சைச் சாறும் நல்லெண்ணெயும் குழைத்துக் கீறலுக்குள் போகும்படி தடவி அரை மணி நேரம் வைக்க வேண்டும். கம்பியில் நேராக வைப்பதானால் கம்பி நன்றாகக் காய்ந்து எண்ணெய் பூசியிருக்க வேண்டும். மீன் ஒட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. அடிப்பக்கம் வெந்து முறுகியதும் தானே விடும். விடவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். விருந்தாளி வந்திருந்தால் மாமா வாழையிலையில் பொதிவார். இலையைத் தணலில் வாட்டினால் மடங்கும், கிழியாது. மடித்து வாழை நாரால் கட்டி, நடுச்சூட்டில் பக்கத்துக்குப் பத்து நிமிடம். முறுகல் கிடைக்காது, சாறு உள்ளேயே நிற்கும். எனக்குக் கம்பியில் நேராகச் சுட்டதுதான் பிடிக்கும். வீட்டில் நான் சிறுபான்மை.

கோழியில்தான் மாமாவோடு எனக்கு வழக்கு. பிராய்லர் காலும் தொடையும் ஒரு கிலோ என்றால், எலும்பு வரை கீறி, அரைக் கப் தயிர், இரண்டு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள், மல்லித்தூள், மிளகு, மஞ்சள், உப்பு, ஒரு எலுமிச்சை போட்டு நான்கு மணி நேரம் ஊறப்போடுவோம். கடையில் விற்கும் செயற்கைச் சிவப்பு மசாலா பொட்டலம் தேவையே இல்லை. அது நாக்குக்கு முன்னால் கண்ணுக்கு வைத்த சமையல். சுடும்போது வழியும் தயிரை வழித்துவிட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுதான் முதலில் கருகும். கரி இல்லாத ஓரத்தில் மூடி போட்டு இருபத்தைந்து, முப்பது நிமிடம் வேகவிட்டு, கடைசி ஐந்து நிமிடம் முறுகல் பக்கம். கொழுப்பு சொட்டி ஜுவாலை எழுந்தால் கோழியைத் தூக்க வேண்டாம், அந்த இடத்துத் தணலைக் கம்பியால் தள்ளிவிட்டு வேப்பங்கொத்தால் இரண்டு துளி தெளித்தால் போதும். கொழுப்பு எரியும் புகை கறியில் படியாமல் இருப்பது உடம்புக்கும் நல்லது.

வழக்கு எதில் என்றால், வெந்ததா என்று பார்ப்பதில். மாமா விரலால் அழுத்துவார், எலும்போரம் குத்தி வடியும் நீர் தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார். நான் தொழிற்சாலைக்காரன், குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கினேன். கோழி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் கிருமி பயம் இல்லை. அவர் விரல் ‘ஆச்சு’ என்று சொன்ன தொடைகளில் நான் குத்திப் பார்த்தபோது பெரும்பாலும் எண்பதைத் தாண்டியே இருந்தது. தொடைக்கு அது நல்லதுதான், நெஞ்சுக்கறிதான் வறண்டுபோகும். இப்போது நெஞ்சுக்கறி வைக்கும் நாளில் மட்டும் “அந்த ஊசி எங்க?” என்கிறார்.

நாட்டுக்கோழியை இப்படியெல்லாம் செய்ய முடியாது. ஓடித் திரிந்த கால். உப்பும் மஞ்சளும் போட்டு முக்கால் பதம் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, பிறகு மிளகும் நல்லெண்ணெயும் தடவித் தணலில் வாட்டுவது. சங்ககால உழவர் வீட்டில் எப்படி வாட்டினார்களோ, அந்தக் கோழியும் கடினமாகத்தான் இருந்திருக்கும்.

உப்புக்கண்டம் மாசி, பங்குனி வெயிலில் அத்தை போடுவது. ஆட்டுக்கறியை விரல் கனத்துக்கு நீள நீளமாக அரிந்து, கல்லுப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிசறி, நூலில் கோத்துத் தோட்டத்தில் குறுக்கே கட்டிவிடுவார். கீழே ஒரு ஆள் காவல், காக்கைக்கும் பூனைக்கும். கட்டையாகக் காய்ந்ததும் டப்பாவில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும். தணலில் இரண்டு நிமிடம் வாட்டி, சூட்டோடு அம்மிக்குழவியால் தட்டினால் நார் நாராகப் பிரியும். பழைய சோற்றுக்கு இதைவிடத் துணை கிடையாது. கருவாடும் அப்படியே: வாளைக் கருவாட்டைத் தட்டி மண் போக்கி, மெதுவான சூட்டில் சிவக்கச் சுட்டு எடுப்பது. ஆனால் கருவாடு சுடுவதற்கு முன் பக்கத்து வீட்டில் விசேஷம் ஏதும் இல்லையே என்று அத்தை சுவரோரம் நின்று ஒரு குரல் கொடுப்பார்.

கண்டத்தைக் கோக்கப் பருத்திச் சரடுதான். வீடெல்லாம் அறுந்த பட்டு நூல் கிடக்கிறதே, அதில் கோத்தால் என்ன என்று கேட்டேன். மாமா ஒரு இழையை எடுத்துத் தணலில் காட்டினார். முடி தீயும் வாடை. இரண்டும் புரதம்தானே. ஊரில் பட்டைச் சோதிப்பதும் இப்படித்தான்: நல்ல பட்டு சுருண்டு எரிந்து முடி வாடை அடிக்கும், நெருப்பை எடுத்ததும் அணையும், மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். அடையாளம் தெரியாத புடவையைக் கொண்டுவந்து முந்தானையில் ஒரு நூல் உருவிக் கேட்பவர்கள் மாமாவைத் தேடி இன்னும் வருகிறார்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அங்கேயே தீர்ப்பு. ஆட்டுத்தலையும் காலும் மயிர் போக வாட்டும் நாளில் வந்தால் மட்டும் “நாளைக்கு வாங்க, இன்னிக்கு எல்லாமே பட்டாத்தான் மணக்கும்” என்று அனுப்பிவிடுவார்.

அசைவம் இல்லாத நாட்கள் இந்த ஊரில் நிறைய. புரட்டாசி ஒரு மாதம். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம் என்று திருவிழாக்கள் வேறு. அப்போது அடுப்புக்கு லீவு இல்லை. பெருமாள் கோயில் குடலை இட்லி தெரியும்தானே? அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளித்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த நீண்ட மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பது. முதல் நாள் வாங்கியது மிஞ்சி ஆறிப்போயிருந்தால் மாமா அதை விரல் கனத்துக்கு வில்லையாக நறுக்கி, நெய் தொட்டு, மிகவும் தளர்ந்த தணலில் வைப்பார். அவசரப்பட்டால் வெளியே கருகி உள்ளே ஜில்லென்று இருக்கும். பொன்னிறமாக ஒரு பொருக்கு கட்டும்போது சுக்கு வாசனை எழும். இந்த அடுப்பில் செய்ததிலேயே எனக்கு மிகப் பிடித்தது எது என்று கேட்டால் கோழியைச் சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

மழைக்காலத்தில் ஒரு விஷயத்தில் மாமா மரியாதையை மறந்துவிடுவார். ஐப்பசி மழையில் அடுப்பைத் தூக்கி உள்ளே வைக்கலாமே என்று மச்சினன் சொன்னபோது வந்த கோபம் நான் அதற்கு முன் பார்க்காதது. தறி வீடுகளில் காற்றோட்டம் குறைவு. புகையே வராத நல்ல தணலும் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூடிய அறையில் தலைவலி, மயக்கம், அப்புறம் உயிருக்கே ஆபத்து. குளிருக்கு அறைக்குள் கரி வைத்துத் தூங்கி இறந்தவர்களைப் பற்றி ஒவ்வொரு குளிர்காலத்திலும் பேப்பரில் வருகிறது. கொட்டகை போட்டாலும் நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். மழை என்றால் அன்று தோசை.

எல்லாம் சுட்டு முடிந்த பின்னும் தணலில் வேலை பாக்கி இருக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்குகளைக் கழுவித் துடைத்து, தணலை ஒதுக்கிச் சூடான சாம்பலில் புதைத்து, மேலே கொஞ்சம் தணல் பரப்பிவிட்டு நாங்கள் சாப்பிட உட்காருவோம். கை கழுவும் நேரத்துக்கு வெந்திருக்கும். தறியில் உட்காரப்போகிறவர்கள் மறுபடியும் சீயக்காய் போட்டுக் கையைத் தேய்க்க வேண்டும். நெய்யோ கறிக்கொழுப்போ விரலில் இருந்தால் பட்டில் கறை விழும். ஞாயிறு இரவு தறி இல்லை என்றாலும் அத்தை விடமாட்டார்.

மிச்சத் தணலில் தண்ணீர் ஊற்றுவது வீண். சாம்பலும் ஆவியும் முகத்தில் அடிக்கும், தகடு சூட்டில் நெளியும், கரி ஈரமாகி அடுத்த முறைக்கு உதவாது. மூடி இறுக்கமாகப் பொருந்தும் ஒரு பழைய இரும்பு டின்னில் இடுக்கியால் அள்ளிப்போட்டு மூடிவிட்டால் காற்றில்லாமல் அணையும். டின்னைச் சுவரோரம், வைக்கோலும் துணியும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும், காலை வரை அதைத் திறக்கக் கூடாது. ஆறிய சாம்பல் முருங்கைக்கும் பாத்திரம் தேய்க்கவும். அணைந்த கரி மறுவாரம் புதுக்கரியைவிடச் சீக்கிரம் பற்றும், அதனால் கொட்டாங்குச்சியை ஒட்டி முதலில் பழைய கரி, அதன் மேல் புதுசு.